திறக்கக்கூடிய சன்னல்

ஒன்றிய அரசின் மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வீட்டுக் கட்டடங்களுக்கென ஒரு நெறித்தொகுப்பை வெளியிட்டது. பெயர் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’. பாதி ஆங்கிலம், மீதி சமஸ்கிருதம். மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் குடியிருப்புகளை எப்படிக் கட்டுவது என்று சொல்கிற ஆவணம் இது. 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில், சென்னைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டில், எழும் குடியிருப்புகளுக்கு உரியது. நடைமுறையில் அடுக்ககங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பொறியாளர்களுக்காக எழுதப்பட்ட இந்தப் பிரதியை, வகுப்பில் ஒரு பாட்டை வாசிப்பதுபோல வரி வரியாக வாசித்தேன். எழுவாய் எங்கே, வினையைச் செய்பவர் யார் என்று தேடுவது எனக்குத் தொழில்வழி வந்த பழக்கம்.

முதலில் சொல்லிவிடுகிறேன், இது மோசமான பிரதி அல்ல. நம் நகரங்களில் கண்ணாடியை ஒட்டிவிட்டு உள்ளே ஏசியை முடுக்கும் கட்டடக்கலைக்கு எதிராக இது நிற்கிறது. புறச்சுவர், சன்னல் ஆகியவற்றின் வழியே வீட்டுக்குள் வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. சென்னை போன்ற வெப்ப ஈரப்பத மண்டலத்தில், வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதத்துக்குக் குறையாமல் ‘திறக்கக்கூடிய’ பரப்பு இருக்கவேண்டும் என்கிறது. ஆறில் ஒரு பங்கு. 600 சதுர அடி வீட்டில் 100 சதுர அடி காற்றுக்குத் திறக்க வேண்டும். இயந்திரத்துக்கு முன்னால் காற்றை நம்புகிற ஒரு சட்டத்தை வாசிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ‘திறக்கக்கூடிய’ என்ற சொல்லில் என் வாசிப்பு நின்றுவிட்டது. இந்தப் பெயரெச்சத்துக்கு எழுவாய் இல்லை. கீலும் கொண்டியும் இருந்தால் சன்னல் திறக்கக்கூடியது. அதோடு இலக்கணம் முடிந்தது. யார் திறக்கக்கூடியது? எத்தனை மணிக்கு? தரைத்தளத்துப் படுக்கையறை சன்னலை மே மாத இரவில் திறந்துவைத்துத் தூங்கும் பெண்ணை நீங்கள் அண்மையில் எங்கே பார்த்தீர்கள்? பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்பு சன்னலைச் சாத்துவது ஒரு சடங்கு. கொசு ஒரு காரணம். சன்னல் வழியே கம்பு விட்டுத் துணி எடுக்கும் திருடன் இன்னொரு காரணம். எதிர் மாடியில் சிகரெட்டோடு நிற்கும் ஆளைக் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அந்தப் பக்கத்து சன்னல மூடுடி” என்பதோடு சரி. நைட்டியோடு நடமாடும் உடலை மறைக்கக் கனத்த திரை ஒன்று போட்டுவிட்டால், சன்னல் திறந்திருந்தும் காற்று வராது. சட்டத்தின் அட்டவணையில் அந்த வீடு தேறிவிடும்.

இன்னும் நுணுக்கமான ஓர் இடம் உண்டு. திறக்கக்கூடிய பரப்பில் எதையெல்லாம் சேர்க்கலாம் என்று இந்தத் தொகுப்பு பட்டியலிடுகிறது. வெளிக்காற்றுக்குத் திறக்கும் சன்னல், பால்கனிக்கோ வராந்தாவுக்கோ திறக்கும் சன்னல் சரி. அத்தோடு, பொது நடைபாதைக்குத் திறக்கும் சன்னலையும், கட்டடத்தின் நடுவே குழாய்கள் இறங்கும் சந்துக்கு, நாம் டக்ட் என்று சொல்வதற்கு, திறக்கும் சன்னலையும் சேர்த்துக்கொள்ளலாம். நடைபாதைக்குத் திறக்கும் கதவை மட்டும் சேர்க்கக்கூடாது. இதை எழுதிய கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நடைபாதைக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்ற சமூக அறிவு அந்த விலக்கில் இருக்கிறது. அதே நடைபாதையில், அதே ஆட்கள் கடந்துபோகும் உயரத்தில் இருக்கும் சன்னலை மட்டும் யார் திறந்துவைப்பார்கள் என்று அந்தக் கை நினைத்தது? ஒரு வரி தூரத்துக்கு மேல் அந்த அறிவு நடக்கவில்லை.

டக்டுக்குத் திறக்கும் சன்னல் யாருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுக்ககத்தின் வரைபடத்தை விரித்தால் கூடத்துக்குத் தெருவும், பெரிய படுக்கையறைக்குப் பால்கனியும் போனபின் மிஞ்சுவது அடுக்களைக்கு. மேல்வீட்டுக் குளியலறை ஈரமும் கீழ்வீட்டுத் தாளிப்பும் சந்திக்கும் இடத்தில் அது மூச்சு விடுகிறது. அந்த 15 வாட் கணக்கும் கட்டடம் முழுவதற்குமான சராசரி. மேற்கு வெயில் நேராக அறையும் ஓர் அடுக்களைச் சுவரை, நிழல் விழும் வடக்குச் சுவர்கள் சேர்ந்து சராசரியில் மறைத்துவிடும். தவிரவும் அது வெளியிலிருந்து வரும் வெப்பத்தின் கணக்கு. இரண்டு பர்னர் எரியும் அடுப்பின் வெப்பம் அதில் வராது. சூரியன் கணக்கில் உண்டு, அடுப்பு இல்லை. ஏசி போட்ட கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இருக்கும் கதவை, ‘குளிர்ச்சி வீணாகிறது’ என்று சொல்லி அடைக்கும் வீடுகள் எத்தனை! அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் சப்பாத்தி இடுபவர் யார் என்று எந்த அளவுகோலும் கேட்பதில்லை.

இதெல்லாம் நவீனம் கொண்டுவந்த கேடு, நம் பழைய வீடுகளில் எல்லாம் சரியாக இருந்தது என்று முற்றமும் திண்ணையும் காட்டிப் பேசுகிறவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. சன்னலுக்குத் தமிழில் ‘காலதர்’ என்று அழகான பழஞ்சொல் இருக்கிறது, சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சரி, நெடுநல்வாடைக்கு வாருங்கள். நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்து, கயிறிட்டுத் திசை குறித்து அரண்மனை வகுக்கிற கலைஞர்களை நக்கீரர் காட்டுகிறார். வேனிலில் தென்காற்றைக் கொண்டுவந்த மேல்மாடத்துச் சாளரம் கூதிர்காலத்தில் தாழிடப்பட்டிருப்பதையும் சொல்கிறார். ‘பருவநிலைக்கேற்ற வடிவமைப்பு’ என்று இன்று கருத்தரங்குகளில் சொல்வதெல்லாம் அங்கே இருக்கிறது. அவ்வளவு துல்லியமாகத் திசை பார்த்துக் கட்டிய வீட்டின் நடுவே அரசி தூங்காமல் கிடக்கிறாள். அரசனோ நள்ளிரவில் அதே வாடையில் பாசறையை விட்டு வெளியே வந்து, புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். ஒரே காற்று, அவனுக்கு நடக்கும் வெளி, அவளுக்குத் தாழிட்ட சாளரம். இந்தப் பாட்டை முதுகலை வகுப்பில் நடத்தும்போது ஒரு மாணவி, “அந்தத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா மேடம்?” என்று கேட்டாள். உரையாசிரியர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘திறன்’ என்பது இயந்திரத்தின், கட்டடத்தின் குணம். அதை நாம் பொதுமேடைக்குக் கொண்டுவரும்போது ‘மின்சிக்கனம்’ ஆக்கிவிடுகிறோம். சிக்கனம் ஆளின் குணம், அதுவும் இல்லத்தரசியின் குணம். சுவர் செய்யவேண்டிய வேலை அவள் தலையில் இறங்குகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக ஏறும் என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். கணவர் வந்தபிறகு ஏசி போடலாம் என்று பகலெல்லாம் மின்விசிறியோடு இருப்பவளும் அவள். வடிவமைப்பில் தவறிய வாட்டுகளை ஈடுகட்டும் அந்த உழைப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் ஏறாது.

அடுக்களையையே எண்ணிப் பார்த்த ஒரு முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, எர்ன்ஸ்ட் மேயின் ஃபிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வடிவமைத்தார். பெண் நடக்கும் ஒவ்வோர் அடியையும் குறைக்க, ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அறையில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. உழைப்பைக் குறைக்கவேண்டும் என்ற அவருடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறையில் இரண்டாவது ஆள் நிற்க இடமில்லை. திறனைக் கூட்டக்கூட, அடுக்களை ஒருத்தியின் தனியறை ஆகிப்போனது. ஆகவே ‘அடுக்களையையும் கணக்கில் சேருங்கள்’ என்று மட்டும் கேட்டு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

சன்னலைத் திறக்கவைப்பது எது? என் அனுபவத்தில், கீழே இருக்கும் தெரு. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய புத்தகத்தில், கடையும் வீடும் கலந்த தெருவைச் சன்னல்களிலிருந்து பார்க்கும் கண்கள் காக்கின்றன என்றார். அதைத் திருப்பிப்போட்டும் வாசிக்கலாம்: அப்படிப்பட்ட தெரு சன்னல்களைக் காக்கிறது. கீழே இட்லிக் கடை அக்காவும், ராத்திரி பத்து மணிவரை தைத்துக்கொண்டிருக்கும் டெய்லரும், மருந்துக் கடையும் இருந்தால் முதல் மாடிப் பெண் சன்னலை மூடமாட்டாள். அந்த மணிநேரங்களுக்கு ஏசி தேவைப்படாது. ‘கலப்புப் பயன்பாடு’ என்று திட்டமிடுவோர் சொல்வதன் ஆற்றல் பயனை, வண்டி ஓடாததால் மிஞ்சும் பெட்ரோலில் மட்டும்தான் கணக்கிடுகிறார்கள். திறந்திருக்கும் சன்னல்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

எந்தக் கலப்பும் இதைச் செய்துவிடாது. 2008இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று மண்டலங்கள் வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. கடை என்றால் எல்லாம் கடை. டெய்லர் கடையும் டாஸ்மாக் கடையும் சன்னலுக்கு ஒன்றல்ல. பின்னது வந்தால் அந்தத் தெருவில் இரண்டு மாடிவரை சன்னல்கள் சாத்திவிடும். பெண்கள் கடைகளை மூடக்கோரி மறியல் செய்த தெருக்களின் மின்கட்டணத்தை யாராவது ஆராய்ந்தால் நல்லது. இன்னொரு பக்கம், வீட்டு வாசலில் மாவு அரைத்து விற்பவள், பூக்கட்டுபவள், டியூஷன் எடுப்பவள் ஆகியோர் ஷட்டர் இல்லாத காரணத்தால் ‘கலப்பு’ ஆவதில்லை. உண்மையில் நம் நகரத்தின் கலப்புப் பயன்பாட்டை நெடுங்காலமாக நடத்திவருபவர்கள் அவர்கள்.

வியன்னாவில் 1993இல் தொடங்கி 1997இல் முடிந்த ‘ஃப்ராவன்-வெர்க்-ஷ்டாட்’ குடியிருப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. 357 வீடுகள், வடிவமைத்தவர்கள் பெண் கட்டடக் கலைஞர்கள். திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் நகராட்சியின் திட்ட வல்லுநர் எவா கைல். 1991இல் அவர் ஒரு கண்காட்சி நடத்தி, பெண்கள் ஒரு நாளில் நகரத்தில் எங்கெல்லாம் போய்வருகிறார்கள் என்று காட்டியிருந்தார். பிறகுதான் வரைபடம். குடியிருப்புக்குள்ளேயே மழலையர் பள்ளியும் மருத்துவரும், மாடிதோறும் குழந்தை வண்டி நிறுத்த இடமும், வெளிச்சமான படிக்கட்டும் வந்தன. அது குளிர் நாடு, அவர்கள் காக்கும் வெப்பம் வேறு, சன்னலின் வேலையும் வேறு. எனவே வடிவத்தை அங்கிருந்து எடுத்துவர முடியாது. வரிசையைப் பார்க்கச் சொல்கிறேன்: முதலில் பெண்ணின் நாள், பிறகு சுவர்.

இங்கே வரிசை தலைகீழ். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காக 2000 முதல் கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள். (ஊரை எரித்தவளின் பெயரை ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தவருக்குச் சிலப்பதிகாரம் தெரிந்திருக்குமா, தெரியாதா என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.) வாட் கணக்கு மட்டும் போட்டால் இவை சிறந்த குடியிருப்புகளாகத் தேறக்கூடும். சிறிய வீடுகள், பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவர்கள், ஆள்வீதம் குறைந்த மின்சாரம். ஆனால் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நடந்துபோய் நான்கு வீட்டு வேலை பார்த்த பெண்கள் இங்கே வந்ததும் வேலையை இழந்தார்கள், அல்லது 20 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போகத் தொடங்கினார்கள். 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுக் கிளம்பும் அந்த மூன்று மணிநேரத்துக்குத்தான் விலை. கட்டடத்தில் மிச்சமான ஆற்றலை அவளுடைய கால்களும் பேருந்தின் டீசலும் ஈடுசெய்கின்றன.

அங்கே தரைத்தளத்து வீடுகள் சில கடைகளாகிவிட்டன. சன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி மிட்டாயும் ஷாம்பு பாக்கெட்டும் விற்கிறார்கள். வாசலில் சாயங்காலம் வடைச் சட்டி. வீட்டைக் கடையாக்குவது ஒதுக்கீட்டு விதியை மீறிய செயலாக இருக்கலாம். வடைச் சட்டி இருக்கும் பக்கத்தில், மேலே மூன்று மாடிவரை சன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. மறுபக்கம், சைக்கிள் ஸ்டாண்டும் இருட்டும் இருந்த சுவரில் எல்லாம் சாத்தியிருந்தது.