பூவைப் பார்த்து வரைதல்: சில பள்ளிகள், சில அளவுகோல்கள்

வடிவமைப்புப் படிப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை பெரும்பாலும் தப்பாமல் வந்து சேரும். இலையோ காயோ சிப்பியோ ஒன்றை எடுத்து வந்து நாலாபுறமும் திருப்பி வரைய வேண்டும். அப்புறம் அதிலிருந்து ஒரு விளக்கையோ கம்மலையோ புடவைக் கரையையோ உருவாக்க வேண்டும். முன்பாதி பழகப் பழகக் கைக்கு வந்துவிடுகிறது. பின்பாதியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். இலையை அப்படியே சிறிதாக்கிக் காதில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எதை விடுவது என்று தெரிவதுதான் இந்த வித்தையின் பாதி. அதற்கு ஒவ்வொரு மரபும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது.

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் இருந்துகொண்டு படிக்கும் பிள்ளைக்கு இந்த அளவுகோல்களில் பாதிக்கு மேல் நடை தூரத்திலேயே கிடைத்துவிடும். பக்கத்தில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்த சாலைக் கடைத்தெரு. இந்தப் பக்கம் வலியசாலை. ராஜராஜனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி புறப்படும்போது வேலிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருகிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டையிலும் தங்க, முருகனுக்கு இருப்பிடம் ஆரியசாலை அம்மன் கோயில்தான். கல்விக்கு இதைவிட நல்ல அக்கம்பக்கம் யாருக்கு வாய்க்கும்?

முதல் பள்ளி ஆசாரிகளின் பட்டறை. இந்தப் பக்கத்து நகைகளின் பெயரைச் சொன்னாலே ஒரு தோட்டம் வந்து நிற்கும்: மாங்காய் மாலை, முல்லைமொட்டு மாலை, பாலைக்காய் மாலை, நாகபடத் தாலி. இவற்றில் எதுவும் தன் மூலத்தை அச்சு அசலாகக் காட்டுவதில்லை. மாங்காய் மாலையில் நரம்பு கிடையாது, காம்பு கிடையாது. ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் ஒடுங்கும் அந்த ஒற்றை வளைவு மட்டும் மிஞ்சுகிறது. அந்த வளைவால்தான் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்தாலும் மாலை கழுத்தோடு படிந்து கிடக்கிறது. விளிம்பு மழுங்கியிருப்பதால் புடவை நூலை இழுப்பதில்லை. நாகபடத்தில் பாம்பின் உடலே இல்லை; விரிந்த படம் மட்டும் பச்சைக் கல்லாகிறது. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களும் கெம்புக் கல் பதிக்க இடம் விட்ட பிறகே கோட்டை யோசிப்பார்கள். இங்கே அளவுகோல் உடம்பு. போட்டுக்கொண்டால் உறுத்தக் கூடாது, தொங்கினால் திரும்பிக்கொள்ளக் கூடாது. தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறாத வரைபடத்தை ஆசாரி ஒதுக்கிவிடுவார். நான் பார்த்த அளவில், இருக்கும் பள்ளிகளிலேயே கண்டிப்பானது இதுதான்.

இதற்கு நேரெதிர் திசையில் போகிறவர்கள் தோவாளைக்காரர்கள். பொன்னைப் பூவாக்குகிறார் ஆசாரி என்றால், பூவை மணியாக்குகிறார் மாலை கட்டுகிறவர். தோவாளை மாணிக்க மாலையில் அரளிப் பூவும் நொச்சி இலையும் மடக்கி மடக்கிக் கட்டப்பட்டு, கல் பதித்த பட்டை போலத் தட்டையாகப் படிகின்றன. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இயற்கையைப் பார்த்து வடிவம் எடுப்பது ஒருவழிப் பாதை இல்லை என்று வகுப்பில் விளக்க நினைக்கும் ஆசிரியர் இந்த மாலை ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்தால் போதும்.

கோலத்தின் அளவுகோல் வேறு. சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது, இழை தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும். கோலத்தில் தாமரை வந்தாலும் அது குளத்துத் தாமரைக்குக் கட்டுப்பட்டதல்ல, புள்ளிக் கணக்குக்குக் கட்டுப்பட்டது. இந்தக் கணக்கில் ஓர் இலக்கணம் இருக்கிறது என்று கண்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் கட்டுரை எழுதினார்கள். கணினி அறிவியல் படிக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். கேரளத்துக் களமெழுத்தில் நிறங்களே ஐந்துதான்: அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு. பாலராமபுரம் நெசவிலோ பாவும் ஊடையும் அனுமதிப்பதே வடிவம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் தறி அது. கரைக்கு நேர்கோடு போதும் என்று நிறுத்திக்கொண்டது. அந்தக் கசவுப் புடவையைப் பார்த்துவிட்டு, இயற்கையே இல்லாத வடிவமும் அழகாக இருக்கலாம் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றையும் விடாதே என்று சொன்ன பள்ளியும் நம்மிடம் உண்டு. அது தாவரவியல் ஓவியம். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் மலையாளக் கரைச் செடிகள் எழுநூற்றுக்கு மேல். அதைத் தாவரவியலாளர் மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, 2003-இல் வெளியிட்டது இதே ஊர்க் கேரளப் பல்கலைக்கழகம். ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1838-இலிருந்து 1853 வரை சென்னையில் வெளியிட்ட தென்னிந்தியச் செடிப் படங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டும். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். முழுக்கிளையை வரைந்து, பக்கத்திலேயே பூவைப் பிளந்து, மகரந்தத் தாளையும் சூல்பையையும் பெரிதாக்கிக் காட்டினார்கள். அங்கே ஒரு தாள் எண்ணிக்கையில் குறைந்தால் படம் பொய்யாகிவிடும். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். தொடக்க மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தப் பள்ளியைத்தான். விடுவதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் பார்த்திருக்க வேண்டுமே.

அரண்மனைப் பள்ளியின் கதை பலருக்கும் தெரிந்தது. பதினாலு வயதில் 1862-இல் திருவனந்தபுரம் வந்த ரவிவர்மாவுக்கு நீர்வண்ணம் பழக்கியவர் ராமசாமி நாயுடு. எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை அவர் சொல்லித்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகக் கற்றுக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கற்றதை ஒளித்துவைக்கும் அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டியவை கலைப் பள்ளிகள். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் அதன் தலைவரான சிஷோம் வரைந்த கட்டடம்தான் இங்குள்ள நேப்பியர் அருங்காட்சியகம். திருவனந்தபுரத்திலும் ஒரு பள்ளி ஏற்பட்டு, 1975-இல் நுண்கலைக் கல்லூரியானது. சென்னைப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்ற நாமக்கல் சீனிவாசன், ‘சில்பி’ என்ற பெயரில் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தார். புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அவர் கோட்டில் அந்தக் கல்லின் கனம் வந்திருக்காது.

அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் வந்தது. மூன்றாண்டுக்கு முன் அதற்கு வித்திட்ட ஈம்ஸ் தம்பதியர் தங்கள் அறிக்கையில் மெச்சிப் பேசியது நம் வீட்டுச் செம்பைத்தான்: பிடிக்க, தூக்க, ஊற்ற, கழுவ எப்படி அமைந்திருக்கிறது என்று. இந்தப் பள்ளியில் கேள்வி ‘எப்படி இருக்கிறது’ என்பதிலிருந்து ‘எப்படி வேலை செய்கிறது’ என்பதற்கு மாறுகிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் மேற்பரப்பின் நுண்ணிய முண்டுகளும் மெழுகும். அழுக்குப் படியாத பூச்சுக்கு அதுவே வழிகாட்டியது. இலையின் உருவத்தை முழுக்க விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் சரிந்து சரிந்து சுழன்று ஏறும் தளத்தில் உட்கார்ந்து காபி குடிப்பவர்கள் அதை நத்தை ஓடு என்பார்கள், சங்கு என்பார்கள். சிறிய மனையில் நிறையப் பேரை உட்கார வைத்திருக்கிறார் மனிதர். நான் அதைத்தான் பார்ப்பேன்.

மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முடித்த வடிவத்தை மட்டும் வாங்கிப் பார்க்காதீர்கள். அதற்கு முன் நேரில் பார்த்து வரைந்த படங்களையும், ஒவ்வொரு நிலையிலும் எதை, ஏன் விட்டோம் என்று மாணவர் தம் கையால் எழுதிய குறிப்பையும் சேர்த்தே கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.