இரக்கச் செயலும் வேலைநிறுத்தமும்

சமயத் தொண்டு யாவற்றையும் வர்க்க முரண்பாட்டை மறைக்குந் திரையெனக் கூறி ஒதுக்கிவிடுவது எம்மவர் சிலருக்கு எளிதாகிவிட்டது. டொறத்தி டேயின் 'நெடுந்தனிமை' (1952) என்னுந் தன்வரலாறு அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. இடதுசாரி ஏடுகளில் எழுதிப் பின்னர் 1927 இல் கத்தோலிக்கரான இவர், பீற்றர் மோறினுடன் 1933 மே தினத்தன்று நியூயோர்க்கில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு சதம். பசித்தோர்க்கு உணவும் வீடற்றோர்க்கு உறைவிடமும் அளிப்பதே அவரது அன்றாட வாழ்வாயிற்று. ஆயினும், சமூகத் தீமைகளுக்கு மருந்திடுவதோடு அமையாது சமூக அமைப்பையே மாற்ற முனைந்த புனிதர் எங்கே என இளமையில் தம்முள் எழுந்த வினாவை நூல் மறைக்கவில்லை.

அவ்வினாவின் கூர்மையை நூலுக்கு வெளியே, 1949 இல், காண்கிறோம். நியூயோர்க் கல்வாரிச் சேமக்காலையிற் புதைகுழி தோண்டுவோர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கர்தினால் ஸ்பெல்மன் குருமட மாணவரைக் கொண்டு குழிகளைத் தோண்டுவித்தார். வேலைநிறுத்தஞ் செய்தோரும் பெரும்பாலும் கத்தோலிக்கரே. இறந்தோரை அடக்கஞ் செய்தல் திருச்சபை எண்ணும் உடல்சார் இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று. அதுவே இங்கு வேலைநிறுத்தத்தை உடைக்குங் கருவியாயிற்று. டே தொழிலாளர் பக்கம் நின்றார். எமது விமரிசனம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுமாயின் அது வெறும் சூத்திரமாகவே எஞ்சும்.

பேரளவு உற்பத்தியைத் துறந்து நிலத்துக்கும் கைவினைக்கும் மீளும் மோறினின் கனவை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. பண்ணைக் குடியிருப்புகளை விவரிக்குமிடத்து நூல் தளர்வதும் அதனாலேயே.