ஏடு சொன்னது, தொட்டில் வெறுமையானது!

மறை என்றார்கள், மாற்றலாகாது என்றார்கள். முன்னோர் மொழி என்றார்கள், மறுத்தல் பாவம் என்றார்கள். அந்த ஏடுகளை நோக்கி, "ஏன்?" என்று கேட்கப் பழகினோம். ஆனால், அறிவியலின் ஆடை உடுத்து வரும் ஏட்டைக் கண்டதும் அதே கேள்வி நம் நாவில் எழுகிறதா? எழ வேண்டும்! அதற்குச் சான்று, அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946ஆம் ஆண்டு வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல்.

நல்ல நூல்தான், நானிலமெங்கும் பரவிய நூல். அவர் மறைந்த 1998ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 5 கோடிப் படிகள் விற்றன. மணி பார்த்துப் பாலூட்டு, அழுதால் தூக்காதே, மிகுதியாகக் கொஞ்சாதே என்று முந்தைய நூல்கள் தாய்மாரை மிரட்டின. ஸ்பாக், தம் அறிவை நம்புமாறு அவர்களுக்குத் துணிவூட்டினார். எளிய நடை, கனிந்த உள்ளம். வியட்நாம் போரை எதிர்த்து வழக்கு மன்றம் ஏறிய வீரமும் அவருக்குண்டு. இத்தகையவரின் நூலில் குறைகாண இடமேது என்று தோன்றும்.

இடமுண்டு. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், பச்சிளங்குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தல் நன்று என்ற அறிவுரை நுழைந்தது. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சுத் திணறக்கூடும் என்று காரணமும் கூறப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமான காரணம்! ஆனால், பொருத்தமாகத் தோன்றுவது வேறு. மெய்ப்பிக்கப்பட்டது வேறு அன்றோ? இருவகையாகவும் உறங்கிய குழந்தைகளை ஒப்பிட்டு எடுத்த முடிவன்று அது. ஸ்பாக் ஒருவர் மட்டுமே அப்படிச் சொல்லவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில், கண்காணிப்பின்கீழ்ப் பயன்பட்ட முறையை, வீட்டில் உறங்கும் நலமான குழந்தைக்கும் பொதுவாக்கினர் மருத்துவர் பலர்.

விளைவு? இரவில் சிரித்த குழந்தை, விடியலில் உயிரற்றுக் கிடந்தது. நோயில்லை, காயமில்லை. "தொட்டில் மரணம்" என்று பெயரிட்டனர். பெற்றோரோ, தாம் செய்த பிழை யாதென்றறியாது தம்மையே நொந்துகொண்டனர். அவர்கள் செய்ததெல்லாம் அறிஞர் சொல்லைக் கேட்டதுதான்!

உண்மை ஒளிந்திருக்கவில்லை, தேடுவார் இல்லை. குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைக்கும் ஹாங்காங்கில் இம்மரணம் அரிது என்று 1985ஆம் ஆண்டு ஒரு மருத்துவர் எழுதினார். குப்புறப் படுக்கும் குழந்தைக்கு ஆபத்து ஏறத்தாழ 9 மடங்கு என்று 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் காட்டினர். பிரிட்டன் 1991லும் அமெரிக்கா 1994லும், மல்லாத்திப் படுக்கவையுங்கள் என்று நாடெங்கும் அறிவித்தன. புதிய மருந்தில்லை, கருவியில்லை. படுக்கும் முறை மாறியது, அவ்வளவே. அமெரிக்காவில் சில ஆண்டுகளிலேயே அச்சாவுகள் ஏறத்தாழப் பாதியாயின.

மகிழ்வதா, மனம் பதைப்பதா? 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று பழைய ஏடுகளைத் துருவிப் பார்த்தது. 1970ஆம் ஆண்டிலேயே கிடைத்த சான்றுகளைத் திரட்டி நோக்கியிருந்தால், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குறைந்தது 50,000 குழந்தைகளைக் காத்திருக்கலாம் என்று கணக்கிட்டது. ஐம்பதாயிரம் தொட்டில்கள்!

ஆராய்ச்சியே வேண்டாம் என்பதா இதன் பொருள்? அன்று, அன்று! பிழையைப் படைத்தது ஆராய்ச்சியன்று, ஆராயாமை. பிழையைக் கண்டதும் களைந்ததும் ஆராய்ச்சியே. நம்மிடையேயும் சீம்பாலைத் தீட்டென்று பீச்சியெறிந்த வழக்கம் இருந்தது. அதைப் பாட்டி சொன்னாள். குப்புறப் படுக்கவை என்றதைப் பட்டம் பெற்றவர் சொன்னார். சொன்னவர் இருவரும் அன்புடையோரே. ஆயினும், அன்பு சான்றாகாது, புகழ் சான்றாகாது, அச்சேறிய எழுத்தும் சான்றாகாது.

ஸ்பாக்கின் நூலைப் படியுங்கள்; தாயின் அறிவை மதித்த அதன் பண்பைப் போற்றுங்கள். போற்றும்போதே, "சான்று எங்கே?" என்றும் கேளுங்கள். அக்கேள்வி பிறக்கத் தாமதமானால், விலை கொடுப்பது கேள்வி கேட்கத் தெரியாத மழலை!