குருதிப் பொட்டாசியமும் முதியோரின் அறுவைக்குப் பிந்தைய நீடித்த வலியும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களேனும் நீடிக்கும் வலியை, 2019-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற பதினொன்றாம் பன்னாட்டு நோய் வகைப்பாடு தனி நோய்நிலையாகக் கொள்கிறது. பொதுவான அறுவைகளுக்குப் பின் 10 முதல் 50 விழுக்காட்டினரிடம் வலி நீடிப்பதாக 2006-இல் ‘லான்செட்’ இதழில் கெலெட், யென்சன், வுல்ஃப் ஆகியோர் எழுதினர். அறுவைக்கு முன் வழக்கமாகச் செய்யப்படும் குருதிச் சோதனையின் பொட்டாசிய அளவைக் கொண்டு முதியோரிடம் இவ்வலியை முன்னறிய இயலுமா என்பது ஈர்ப்புடைய வினா. இரண்டுக்கும் தொடர்பு காணப்படினும், அதனைக் காரண உறவாகக் கொள்ளலாகாது என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

கருதுகோளின் அடிப்படை

நரம்பணுவினுள் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொட்டாசியம் உள்ளது. குருதி நீர்மத்திலோ 3.5 முதல் 5.0 வரையே உள்ளது. அணுச்சவ்வின் ஓய்வுநிலை மின்னழுத்தம் பெரிதும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தது. காயமுற்ற உணர்வு நரம்புகளில் பொட்டாசிய வாயில்கள் குறைவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. எனவே கருதுகோள் அடிப்படையற்றதன்று. ஆயினும் இச்சான்று நரம்பின் வாயில்களைப் பற்றியது. குருதியின் அளவைப் பற்றியதன்று. உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு அணுக்களுக்குள்ளேயே இருப்பதால், குருதிச் சோதனை அளப்பது எஞ்சிய சிறு பகுதியின் செறிவையே ஆகும்.

இடைப்புகும் காரணிகள்

அறுவைக்கு முன்பே உள்ள வலியும் மனப்பதற்றமும் நீடித்த வலிக்கான அறியப்பட்ட இடர்க்காரணிகள். இவ்விரண்டும் பொட்டாசிய அளவையும் மாற்றவல்லன என்பது இங்குக் கருதத்தக்கது. மூட்டுவலிக்காக ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நாளும் உட்கொள்ளும் முதியவரின் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவது குறையலாம், அளவு உயரும். அறுவையை எண்ணி அஞ்சுபவரிடம் சுரக்கும் அட்ரினலின் பொட்டாசியத்தை அணுக்களுக்குள் செலுத்தும், அளவு தாழும். ஆகவே உயர்வாயினும் தாழ்வாயினும், அவ்வெண் பழைய வலியையோ அச்சத்தையோ மறைமுகமாகக் காட்டுவதாக இருக்கலாம்.

இவற்றுடன், நீரிறக்கி மருந்துகளான தயசைடும் ஃப்யூரோசமைடும் அளவைக் குறைக்கின்றன, ஸ்பைரனோலாக்டோன் உயர்த்துகிறது. குருதி எடுக்கையில் சிவப்பணுக்கள் சிதைந்தாலும் அளவு பொய்யாக உயர்ந்து தோன்றும். ஒரே ஒரு முறை எடுத்த அளவை மட்டும் நம்பும் ஆய்வு இவற்றைப் பிரித்தறிய இயலாது. மேலும், பின்தொடர் காலத்தில் இறந்தோரும் நினைவு மங்கியோரும் கணக்கிலிருந்து விடுபட்டால், எஞ்சியோரின் விடைகள் அனைவரின் நிலையையும் உணர்த்தா.

விளைவுகள்

தொடர்பைக் காரணமாகப் படிப்பது ஏட்டளவில் நிற்கும் பிழையன்று. வலியைத் தவிர்க்கும் எண்ணத்தில் சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்குப் பொட்டாசியம் கொடுத்தால், இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

முடிவுரை

பொட்டாசிய அளவு மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது. இடர் மிக்கோரை இனங்காண ஒரு துணைக்குறியாக அது பயன்படக்கூடும். அதற்கும் பன்முறை அளவீடு, மருந்துப் பட்டியல், சிறுநீரகச் செயல்திறன், முன்வலி, பதற்றம் ஆகியவற்றை ஒருங்கே கணக்கிடும் ஆய்வு தேவை. அதுவரை, அறுவைக்கு வரும் முதியவரிடம் இப்போது எங்கே வலிக்கிறது, எந்த மாத்திரைகளை உட்கொள்கிறார், எதற்கு அஞ்சுகிறார் எனக் கேட்டறிவதே அவ்வெண்ணைக் காட்டிலும் உறுதியான சான்றைத் தரும்.