புத்தகம் வந்தது, உரிமை வரவில்லை

2021 நவம்பரில் பாரிஸ் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு புத்தகம் 26 லட்சத்து 60 ஆயிரம் யூரோவுக்குப் போனது. ஏல நிறுவனம் எதிர்பார்த்ததோ 25,000 முதல் 35,000 யூரோதான். ஜொடரோவ்ஸ்கி 1970களில் எடுக்க நினைத்து, கைவிட நேர்ந்த ‘டியூன்’ படத்துக்காக மோபியஸ், கீகர், கிறிஸ் ஃபாஸ் ஆகியோர் வரைந்தவற்றின் தொகுப்பு அது. வாங்கியது ‘ஸ்பைஸ் டாவோ’ என்ற கிரிப்டோ குழுவுக்காக. ரசிகர்கள் பணம் போட்டு டோக்கன் வாங்கிச் சேர்ந்த குழு.

2022 ஜனவரியில் குழு மூன்று திட்டங்களை அறிவித்தது. புத்தகத்தைப் பொதுவில் வைப்பது, அதன் தாக்கத்தில் புதிதாக ஓர் அனிமேஷன் தொடர் எடுப்பது, ரசிகர்கள் செய்யும் வழிப்படைப்புகளை ஆதரிப்பது. உடனே இணையமே சிரித்தது. “புத்தகம் வாங்கினா கதையும் சொந்தமாயிடுமா?”

ஆகாது. பிரான்ஸ் சட்டமானாலும் அமெரிக்கச் சட்டமானாலும் பொருள் வேறு, பதிப்புரிமை வேறு. ஆனால் சிரித்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற நிபந்தனை முதல் திட்டத்திலேயே இருந்தது. தாக்கம் பெற்றுப் புதுக்கதை எழுதுவதும் குற்றமில்லை. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதற்கு இந்தப் புத்தகம் எதற்கு? பக்கங்களின் ஸ்கேன் ஏற்கனவே இணையத்தில் கிடைத்தது. கொடுத்த காசுக்கு வந்தது ஒரு பிரதி மட்டுமே. டோக்கன் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது உரிமை இருப்பது போன்ற ஓர் உணர்வு.

சரி, ரசிகர்கள் அந்தப் படங்களை வைத்து டிஜிட்டல் சேகரிப்புகள் செய்து விற்றால்? “நாங்க ரசிகர்கள்தானே, இது நியாயமான பயன்பாடு” என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அமெரிக்கச் சட்டத்தின் 107வது பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பயன்பாட்டின் நோக்கம், மூலத்தின் தன்மை, எடுத்த அளவு, மூலத்தின் சந்தைக்கு வரும் பாதிப்பு. செய்தவருக்கு மூலத்தின் மேல் எவ்வளவு பிரியம் என்பது பட்டியலில் இல்லை. 2023இல் வார்ஹோல் வழக்கில், பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து வார்ஹோல் செய்த ஓவியத்தைப் பத்திரிகைக்குக் காசுக்குக் கொடுத்தது பற்றிப் பேச்சு வந்தது. மூலப் புகைப்படத்தின் வேலையையே அதுவும் செய்தது, அதுவும் வணிகமாக. எனவே முதல் அம்சம் வார்ஹோல் தரப்புக்கு உதவாது என்றது உச்ச நீதிமன்றம்.

சேகரிப்புப் பொருளில் சிக்கல் இன்னும் கூடுதல். முழுப் படமும் வேண்டும், அதை விற்கவும் வேண்டும். இரண்டுமே வாதத்தைப் பலவீனமாக்கும். அதே புத்தகத்திலிருந்து நாலு படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அலசி ஒரு கட்டுரை எழுதினால் நிலைமை தலைகீழ். ஒரு படைப்பைப் பற்றி ஏதாவது சொல்பவருக்குத்தான் இந்தச் சட்டம் கை கொடுக்கும். குழுவுக்கு அந்த வழி திறந்தே இருந்தது. ஆனால் 2022லேயே கடையைக் கட்ட முடிவு செய்துவிட்டார்கள்.

சட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மோபியஸ் 2012இல் இறந்தார். பிரான்ஸில் உரிமை அதன்பின் 70 ஆண்டு, அதாவது 2082 முடியும்வரை. எடுக்கப்படாத ஒரு படத்துக்கு வரைந்தவற்றை அதுவரை பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? அந்த ரசிகர்கள் ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்தப் பூட்டை ஏலத்தில் திறக்கலாம் என்று நம்பியதுதான் தப்பு.