பாட்டும் பாடியவரும்: பூதத்தாழ்வாரை முன்னிட்டு ஓர் ஆய்வு

ஒரு பாடலுக்குப் பொருள் காணப் புகுவோர் முன் எப்போதும் ஒரு வினா நிற்கிறது. பாடியவரின் வாழ்க்கையை அறிந்து அதன் வழியாகப் பாடலுக்குள் செல்வதா? அன்றிப் பாடலைக் கற்று அதன் வழியாகப் பாடியவரை அறிவதா? இலக்கிய மாணவருக்கு இது ஆய்வுமுறை பற்றிய வினா. மறையுரை ஆற்றும் நமக்கோ இது நேர்மை பற்றிய வினாவும் ஆகும். சங்கீதத்தை வாசித்து, தாவீதின் வரலாற்றைச் சொல்லி, அத்துடன் முடித்துவிடுகிற பிரசங்கங்கள் நம் சபைகளில் குறைவல்ல. கீர்த்தனைகளுக்கும் அவ்வாறே கதை சொல்லப்படுகிறது. கதை நெஞ்சைத் தொடுகிறது. பாடலோ கேட்கப்படாமலே போகிறது.

இதனை ஆராய நம் திருமறைக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டை முதலில் நோக்குவது பயனுடையது. பழகிய நூலில் நாம் காணத் தவறுவதைப் பழகாத நூல் காட்டிக்கொடுக்கும்.

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டையில் பழைய கல்லறைக் கற்கள் உள்ளன. அடங்கியோரின் பெயரும் நாளும் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் குரலை நாம் அறியோம். அதே கடற்கரையில் வடக்கே சிறிது தொலைவில் உள்ளது மாமல்லபுரம். வைணவ மரபு அதனைக் கடல்மல்லை என்றும், முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் பிறந்த ஊர் என்றும் போற்றுகிறது. இங்கு நிலைமை நேர்மாறானது. நூறு வெண்பாக்களாகிய இரண்டாம் திருவந்தாதியில் அவருடைய குரல் தெளிவாகக் கேட்கிறது. அவர் பிறந்த நாளையும் வாழ்ந்த ஆண்டுகளையும் காட்டும் கல் ஏதுமில்லை.

அவ்வெற்றிடத்தை மரபு நிரப்பியது. அவர் குருக்கத்தி மலரில் தோன்றினார் என்றும், துவாபர யுகத்தவர் என்றும் குருபரம்பரை நூல்கள் உரைக்கின்றன. திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய மூவரும் ஒரு சிறு இடைகழியில் ஒதுங்கினர். அவ்விடம் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினது. நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, அவர் யாரெனக் காண விளக்கேற்றிப் பாடினர் என்பது வரலாறு.

இனிப் பாடலையே கேட்போம். இரண்டாம் திருவந்தாதி தன் ஆசிரியரைப் பற்றி என்ன சொல்கிறது? அன்பை விளக்காகவும் ஆர்வத்தை நெய்யாகவும் உருகும் உள்ளத்தைத் திரியாகவும் கொண்டு திருமாலுக்கு விளக்கேற்றியதாகத் தொடக்கத்தில் அவர் கூறுகிறார். பிறிதோரிடத்தில் தம்மைத் தமிழில் வல்லவராகவும் கூறிக்கொள்கிறார். மாமல்லையின் பெயரும் ஒரு வெண்பாவில் வருகிறது. ஆனால் தஞ்சை, அரங்கம், கோவலூர், குடந்தை முதலியவற்றோடு ஒரு பட்டியலில்தான் வருகிறது. அது தம் ஊர் என்று அவர் குறிக்கவில்லை. கடலோசையோ துறைமுகமோ அங்குப் பேசப்படவில்லை.

இதனோடு திருமங்கையாழ்வாரை ஒப்பிடுதல் தகும். சோழநாட்டுத் திருக்குறையலூரில் பிறந்த அவர் கடல்மல்லையைப் பெரிய திருமொழியில் இரு பதிகங்களில் பாடினார். செல்வமும் களிறும் மணிக்குவையும் சுமந்து வளைந்தாடும் மரக்கலங்களை நாம் காண்பது அவர் பாடலில்தான். ஊரில் பிறந்தவராகச் சொல்லப்படுபவர் ஊரின் பெயரை மட்டும் தருகிறார்; வெளியிலிருந்து வந்தவர் அதன் துறைமுகத்தையே தீட்டிக் காட்டுகிறார். நிலக்காட்சியைக் கொண்டு புலவரின் பிறப்பிடத்தைத் துணிவதும், பிறப்பிடத்தைக் கொண்டு பாடலில் நிலக்காட்சியைத் தேடுவதும் எத்துணை பிழைபடக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வரலாற்றாய்வாளரும் ஓரளவுக்கு மேல் பாடலிடம் கேட்டுப் பெற இயலவில்லை. மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்மனின் (ஏறத்தாழ 630–668) விருதுப்பெயர். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்போர், பாடலும் அவன் காலத்துக்கு முற்பட்டதாகாது என்பர். மல்லை என்னும் பெயர் அவனுக்கு முன்னரே வழங்கியது என்போர் அதனை மறுப்பர். ஒரு சொல்லின்மீது ஒரு வாழ்க்கையைக் கட்டுவதில் உள்ள இடர் இதுவே.

யாப்பும் நம்மை எச்சரிக்கிறது. அந்தாதியில் ஒரு பாடலின் இறுதி அடுத்ததன் முதலாகிறது. எனவே நூறு வெண்பாக்களின் வரிசையைப் புலவரின் ஆன்மிக நாட்குறிப்பாகக் கொண்டு, இங்கே ஐயுற்றார், இங்கே தெளிந்தார் எனப் படி அமைப்பது பொருந்தாது. அவ்வரிசையை அமைத்ததில் யாப்புக்கும் பங்குண்டு.

அப்படியாயின் இடைகழிக் கதையை ஒதுக்கிவிடலாமா? அது அவசர முடிவாகும். பொய்கையார் நூல் உலகையே அகலாக்கி ஏற்றிய விளக்கோடு தொடங்குகிறது. பூதத்தார் நூல் அன்பின் விளக்கோடு. பேயார் நூல் கண்டேன் என்னும் களிப்போடு. கோவலூர் இடைகழி என்னும் குறிப்பும் பொய்கையார் பாடலில் உண்டு. ஆனால் அங்கு நிற்பவர் திருமாலும் திருமகளுமேயன்றி மூன்று புலவர்கள் அல்லர். கதை இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, மூன்று நூல்களையும் ஓர் உரையாடலாகக் கேட்கச் செய்கிறது. ஆகவே அக்கதையைப் பாடலுக்கு முற்பட்ட நிகழ்ச்சிக் குறிப்பு என்பதினும், பாடலைக் காதலித்துக் கற்றோர் எழுதிய முதல் உரை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உரை என்ற அளவில் அது மிக நல்ல உரை.

இதே அளவுகோலை இனி நம் நூலுக்கும் பயன்படுத்துவோம். எபிரேயத் திருமறையில் 73 சங்கீதங்கள் தாவீதின் பெயரைத் தாங்குகின்றன. அவற்றுள் 13 அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றையும் தலைப்பில் சுட்டுகின்றன. தாவீதின் என நாம் மொழிபெயர்க்கும் எபிரேய முன்னிடைச்சொல் தாவீதுக்குரிய, தாவீதுக்காக என்றும் பொருள்படும். 34-ஆம் சங்கீதத்தின் தலைப்பு, தாவீது அபிமெலேக்குக்கு முன்பாகப் பித்தனாக நடித்துத் தப்பிய வேளையைக் கூறுகிறது. சாமுவேலின் முதல் நூலோ அவ்வரசனை ஆகீஸ் என்கிறது. சங்கீதமோ எபிரேய எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டு, பிள்ளைகளை அழைத்துப் போதிக்கிறது. தப்பியோடியவனின் கதறலாக அன்றி, ஆற அமரக் கட்டப்பட்ட அறநெறிப் பாடலாகவே அது ஒலிக்கிறது. 1971-ஆம் ஆண்டில் பிரெவர்ட் சைல்ட்ஸ் இத்தலைப்புகளைப் பழைய வாசகர்களின் விளக்கமுயற்சியாகக் காட்டியது இங்கு நினைவுகூரத்தக்கது. இடைகழிக் கதையைப் புராணம் எனத் தள்ளிவிட்டு, சங்கீதத் தலைப்பை மட்டும் ஐயமற்ற வரலாறாகக் கொள்ளுதல் நடுநிலையாகாது. இரண்டையும் கற்றறிந்த ஏளனத்தோடு எறிந்துவிடுதலும் நடுநிலையன்று.

புலவரின் வாழ்க்கை நன்கு தெரிந்தவிடத்தும் எச்சரிக்கை வேண்டும். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. அதனை மனமாற்றத்தின் சூட்டில் பிறந்த தன்வரலாறாகச் சிலர் எடுத்துரைப்பர். ஆனால் திருமுழுக்குக்கும் நூலுக்கும் இடையே 36 ஆண்டுகள் உள்ளன. பயணத்தின் கதையோ ஜான் பனியனுடையது. புலவரை நாம் உண்மையாகக் காண்பது கதையில் அன்று, செய்யுளின் நடையில். கம்பனை இளமையிலேயே கேட்டு வளர்ந்த செவி ஒவ்வொரு படலத்திலும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. தாம் விட்டு வந்த வீட்டின் தமிழை அவர் விட்டு வரவில்லை. இதனைச் சொல்வது பாடலே.

ஆகவே நம் மாணவர்க்கு மூன்று கூறுவோம். பாடலைத் தலைப்பும் கதையும் இன்றி முதலில் பலமுறை வாசியுங்கள். அடுத்து, கதையை முதலில் சொன்னவர் யார், எக்காலத்தவர், பாடலின் எச்சொல்லிலிருந்து அதனை எடுத்தார் என வினவுங்கள். இறுதியாக, அயலாரின் நூலுக்கு ஓர் அளவும் நம் நூலுக்கு வேறோர் அளவும் வைக்காதீர்கள்.

இது வெறும் ஏட்டு வினா அன்று. 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் நாத்தானும் பத்சேபாளும் உள்ளனர். பாடலுக்குள் அவர்கள் இல்லை, உரியாவும் இல்லை. அதன் முடிவில் எருசலேமின் மதில்கள் கட்டப்படவேண்டும் என்னும் மன்றாட்டு நிற்கிறது. அங்கே ஒரு மன்னனின் குரலோடு ஒரு மக்களினத்தின் குரலும் கலந்து கேட்கிறது. அரசன் ஒருவனின் பெரும்பாவத்தோடு மட்டும் அப்பாடலைப் பூட்டிவிட்டால், அன்றாடச் சிறு பொய்களால் மனம் கனத்து ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எளியவருக்கு அது பிறர் கதையாகிவிடும். பூட்டாமல் வாசித்தால் அது அவருடைய வாய்ச்சொல்லாகும். பாடியவர் தம் பெயரைப் பாடலுக்குள் வைக்காமல் சென்றது, பின்வருவோர் அங்கு நிற்க இடம் வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம்.