உறைந்துபோன சம்பளம்

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் ஊழியருக்குக் கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பிக்கும்போது, அவருக்கு இன்று என்ன சம்பளம் கொடுக்கிறது என்பதைச் சட்டம் முதலில் கேட்பதில்லை. கார்டு கைக்கு வந்த பிறகு என்ன கொடுக்கப்போகிறது என்பதுதான் கேள்வி. ஐ.டி. வட்டாரத்தில் 'பெர்ம்' என்று எல்லோரும் சொல்லும் நடைமுறையின் பலமும் பலவீனமும் இந்த விசித்திரத்தில் இருந்தே கிளம்புகின்றன.

2005 மார்ச்சில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்பு ஊதியம் எவ்வளவு என்பதைத் தொழிலாளர் துறை நிர்ணயிக்கிறது. நிறுவனம் சொல்லும் சம்பளம் அதைவிட ஐந்து சதவீதம் குறைந்தாலும் முன்பெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள். 2004ன் சட்டம் அந்தச் சலுகையைப் பறித்துவிட்டது.

ஊதியத்துக்கு நான்கு படிகள் உண்டு. எந்தப் படி என்பது ஆளைப் பார்த்து முடிவாவதில்லை. வேலைக்கு எழுதிய தகுதி நிபந்தனைகளைப் பார்த்து முடிவாகிறது. இதில் ஒரு நல்ல கடிவாளம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களைத் தட்டிக்கழிக்க நினைக்கும் நிறுவனம் முதுகலைப் பட்டம், நீண்ட அனுபவம், ஆட்களை மேற்பார்வையிடும் பொறுப்பு என்று நிபந்தனைகளை அடுக்கினால் படி ஏறும், சம்பளமும் ஏறும். சம்பளத்தைக் குறைக்க நிபந்தனைகளைத் தளர்த்தினால், நிறுவனம் கொடுத்தாக வேண்டிய வேலை விளம்பரத்தைப் பார்த்துத் தகுதியுள்ள அமெரிக்கர் வந்து நிற்கும் வாய்ப்பு கூடும். அப்படி ஒருவர் வந்துவிட்டால் விண்ணப்பம் அத்தோடு நின்றது. இரண்டையும் இப்படி முடிச்சுப்போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

கோளாறு படிகளின் உயரத்தில் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரே வேலை செய்யும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், முதல் படி ஏறக்குறைய கீழிருந்து 17ஆம் ஆளின் சம்பளம். இரண்டாம் படி 34, மூன்றாவது 50, நான்காவது 67. அதாவது, முதல் இரண்டு படிகளும் நடுச் சம்பளத்துக்குக் கீழே. உள்நாட்டுத் தொழிலாளரின் கூலி சரியாமல் காக்க வந்த விதி, சந்தையின் பாதிக்குக் கீழே வேலி போட்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய 2020 அக்டோபரில் ட்ரம்ப் அரசு எடுத்த முயற்சி வேலியை மதிலாக்கப் பார்த்தது: 45, 62, 78, 95. முன்கூட்டிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல், வெளியிட்ட அன்றே அமலும் செய்தார்கள். டிசம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் அவசரம்தான்; அளவு சரியா என்ற விவாதத்துக்கே வழக்கு போகவில்லை. 2021 ஜனவரியில் 35 முதல் 90 வரை என்று இறங்கி வந்த விதியும் அந்த ஜூனில் விழ, பழைய படிகளே நிலைத்தன. நியாயமான ஓர் உயர்வுக்கு இருந்த வாய்ப்பை அந்த 95 கெடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்துடன் முடிவதில்லை. சொன்ன சம்பளத்தைக் கொடுக்கும் வக்கு தனக்கு உண்டு என்றும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும், விண்ணப்பித்த நாளிலிருந்தே. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு நிதி அதிகாரியின் கடிதம் ஒன்றே போதுமானதாகலாம். சிறு நிறுவனமோ பெரும்பாலும் வரிக்கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும். வரியை மிச்சப்படுத்த ஆடிட்டர் லாபத்தைச் சட்டப்படியே சுருக்கிக் காட்டியிருந்தால், அதே தாள் இங்கே எதிர்ச்சாட்சியாகிவிடும். ஊழியர் ஏற்கெனவே அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தால் பிழைத்தார்கள். எண்களுக்கு அப்பாலும் பார்க்கலாம் என்று 1967ல் சோனெகாவா வழக்கு வழிகாட்டியது. பதினோரு ஆண்டுகளாக நடந்த ஓர் ஆடை வடிவமைப்புத் தொழில், கடை மாற்றிய செலவால் ஓராண்டு லாபத்தில் தடுமாறியது. ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் வரவு, வாடிக்கையாளர்களில் திரைநடிகைகள். அந்த நற்பெயரையும் எடைபோட்டு அனுமதித்தார்கள். ஆனால் அது அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்தது, உரிமை அல்ல.

இந்தியர்கள் விஷயத்துக்கு வரும்போது விதி வேறு முகம் காட்டுகிறது. ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால், 2025 இறுதியில் இ.பி.-2 என்ற முதுகலைப் பட்டதாரிகளுக்கான பிரிவில் இந்தியாவின் வரிசை 2013ல் விண்ணப்பித்தவர்களிடம்தான் நின்றது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன எத்தனையோ பொறியாளர்களின் கோப்பில் 2013ன் சம்பளமே வாக்குறுதியாக உறைந்து கிடக்கிறது. இதற்குள் வாடகையும் விலைவாசியும் எங்கோ போய்விட்டன. தற்காலிக வேலை விசாவான எச்-1பியின் நீட்டிப்பு பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஊதியக் கணக்கைக் கேட்பதால் நடைமுறையில் அடி கொஞ்சம் மெத்தென்று விழுகிறது என்பது உண்மை. அப்படியானால் காவல் காப்பது எச்-1பி விதி. கிரீன் கார்டு விதியின் எண் வெறும் சடங்கு.

அந்த எண்ணைப் புதுப்பிக்க இன்று ஊழியருக்குப் பொதுவாக இருக்கும் வழி வேலை மாறுவது. புதிய நிறுவனம் பெர்மை முதலிலிருந்து தொடங்கும். நடப்பு ஊதியம் புதிதாகக் கணிக்கப்படும். முந்தைய நிறுவனத்தின் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால் வரிசையில் பழைய தேதியும் கைவிட்டுப் போகாது. 2007 முதல் பெர்ம் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதால், அதற்கு முன்வரும் நிறுவனத்தைத் தேடிப்பிடிப்பது ஊழியரின் பாடு. கிரீன் கார்டு கொடுக்கும் கட்டத்தில் அரசே நடப்பு ஊதியத்தை மறுபடி கணித்தால் இந்த அலைச்சல் தேவைப்படாது.